செல்ல எலி வளர்ப்பு: இரண்டு இருபதாகாமல் காப்பது எப்படி?

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு எலி என்றால் அரிசித் தவலையைச் சுற்றி வரும் திருடன். பிள்ளையாருக்கு வாகனம் என்று கோயிலில் கும்பிட்டாலும், வீட்டுக்குள் வந்தால் பொறிதான். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று ஈப்போவின் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் எலியைக் கூண்டில் வைத்து, பெயர் சூட்டி, தோளில் ஏற்றிக்கொண்டு வளர்க்கிறார்கள். எலி சுத்தத்தை விரும்பும். ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். கூப்பிட்டால் வரும். நாய் வளர்க்க இடமில்லாத வீட்டுக்கு அது நல்ல துணைதான்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தொடங்குகிறது. "இரண்டும் பெண்தான்" என்று சொல்லி வாங்கி வந்த ஜோடியின் கூண்டில் ஒரு நாள் காலையில் விரல் நுனி அளவில் பத்துக் குட்டிகள் கிடக்கும். அவற்றை யாரிடம் கொடுப்பது என்பதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இருக்காது. கேட்டு வருபவர்களில் பலர் பாம்பு வளர்ப்பவர்களாக இருப்பார்கள். சிலர் குட்டிகளைச் செம்பனைக் காட்டிலோ கால்வாயோரத்திலோ விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இரண்டுமே குட்டிகளுக்கு நல்ல முடிவு அல்ல. இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. எலியின் உடல் எந்த வேகத்தில் இயங்குகிறது என்று தெரிந்து, உரிய நாளில் ஆணையும் பெண்ணையும் பிரித்தால் போதும்.

எந்த எலி செல்ல எலி?

கடையில் விற்கப்படும் செல்ல எலி, விலங்கியலில் ராட்டஸ் நார்வேஜிகஸ் எனப்படும் பழுப்பு எலியின் வீட்டு வழித்தோன்றல். வெள்ளை, கறுப்பு, தலை மட்டும் கறுத்தது, சாம்பல் நிறம் என்று எப்படி இருந்தாலும் இனம் ஒன்றே. ஜப்பானின் ஒசாகா நகரில் 18ஆம் நூற்றாண்டிலேயே எலிகளை நிறம் பார்த்து வளர்த்தார்கள். அதற்கான வழிகாட்டி நூல் 1775இல் அங்கே அச்சாகியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில், விக்டோரியா அரசியாரின் எலி பிடிப்பவராகத் தம்மைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், பிடிபட்டவற்றில் விசித்திர நிறமுள்ளவற்றைத் தனியே வளர்த்து விற்றார். 1901இல் ஐல்ஸ்பரி நகரக் கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. பிரிட்டனின் தேசிய அலங்கார எலிச் சங்கம் 1976இல் தொடங்கப்பட்டது. இத்தனை தலைமுறையாக மனிதர் கையில் வளர்ந்ததால்தான் செல்ல எலி சாதுவாக இருக்கிறது.

தோட்டத்து எலிகளின் கதை வேறு. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் பழக்குலைகளைக் கடிப்பது பெரும்பாலும் ராட்டஸ் தியோமானிகஸ் என்ற காட்டு எலி. வயலோரங்களில் இருப்பது வயல் எலி. வீட்டுக் கூரையில் ஓடுவது கூரை எலி. இவை செல்ல எலியோடு கூடிக் குட்டி ஈனுவதில்லை. ஆனால் நகரத்துக் கால்வாய்களில் திரியும் பெரிய பழுப்பு எலி செல்ல எலியின் சொந்த இனமே. ஈப்போ போன்ற பழைய நகரங்களில் கடைவீடுகளின் பின்சந்துகளில் அதைப் பார்க்கலாம். கூண்டிலிருந்து தப்பிய பெண் எலி ஓரிரவு வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால் கருவோடு வரக்கூடும், நோயோடும் வரக்கூடும். தோட்டத்தில் அகப்பட்ட காட்டுக் குட்டியை எடுத்து வந்து செல்ல எலியின் கூண்டில் விடுவதும் கூடாது.

ஐந்து வாரக் கணக்கு

மனிதரின் கணக்கில் ஐந்து வாரம் என்றால் கைக்குழந்தை. எலிக்கு அது வயதுக்கு வரும் காலம். பெரும்பாலான எலிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதிர்ச்சி அடைகின்றன. சில ஐந்தாவது வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு முறை சேர்க்கைப் பருவம் வரும். அது பெரும்பாலும் இரவில், ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கும். சேர்க்கை சில விநாடிகளில் முடிந்துவிடும். கர்ப்பகாலம் 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றில் ஆறு முதல் பன்னிரண்டு குட்டிகள் சாதாரணம், அதற்கு மேலும் பிறப்பதுண்டு. தாய்க்குப் பன்னிரண்டு முலைக்காம்புகள் உள்ளன.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. குட்டி ஈன்ற 24 மணி நேரத்துக்குள் தாய் எலி மறுபடியும் கருவுற முடியும். ஆண் எலி அதே கூண்டில் இருந்தால், முதல் ஈற்றுக்குப் பாலூட்டிக்கொண்டே அடுத்த ஈற்றையும் அது சுமக்கும்.

நாள்காட்டியில் வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். ஜனவரி 1ஆம் தேதி ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தால், 23ஆம் தேதி வாக்கில் பத்துக் குட்டிகள் பிறக்கும். ஆணைப் பிரிக்காவிட்டால் பிப்ரவரி நடுப்பகுதியிலோ ஒரு வாரம் கழித்தோ இன்னும் பத்து வரும். முதல் ஈற்றின் ஐந்தாவது வாரம் பிப்ரவரி 27இல் நிறைவடைகிறது. அன்று அண்ணன் தம்பிகளையும் அக்கா தங்கைகளையும் பிரிக்காவிட்டால், ஏப்ரல் தொடக்கத்துக்குள் ஐந்து இளம் பெண்களும் ஆளுக்கு எட்டு வீதம் நாற்பது குட்டிகள் ஈன முடியும். தாயின் மூன்றாவது ஈற்றைச் சேர்க்காமலே மொத்தம் அறுபதைத் தாண்டிவிடுகிறது. எல்லா வீட்டிலும் இப்படியே நடக்கும் என்றில்லை. ஆனால் நடப்பதைத் தடுக்கும் இயற்கை வேலி எதுவும் எலியிடம் இல்லை. உடன்பிறப்பு, பெற்றோர் என்ற உறவெல்லாம் அதற்குத் தெரியாது.

எதிர்பாராத ஈற்று எங்கிருந்து வருகிறது?

முதல் வழி, கடையில் பால் மாற்றிச் சொல்லப்படுவது. இளம் குட்டிகளை அவசரமாகப் பார்த்தால் அனுபவமுள்ளவரும் தவறக்கூடும்.

இரண்டாவது, வாங்கும்போதே பெண் எலி கருவோடு இருப்பது. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் அடைக்கப்பட்ட கடையில் வாங்கிய பெண் எலியை, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 24 நாளாவது தனியாக வைத்துக் கவனிக்க வேண்டும். கரு இரண்டு வாரம் வளர்ந்த பிறகே வயிறு வெளியே தெரியும். புதிய எலியிடமிருந்து பழையவற்றுக்கு நோய் தொற்றாமல் இருக்கவும் இந்தத் தனிமை உதவும்.

மூன்றாவது, "இன்னும் சின்னக் குட்டிதானே" என்று பிரிப்பதைத் தள்ளிப்போடுவது. நான்காவது, கூண்டுகள் இரண்டாக இருந்தும், விளையாட விடும்போது எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிடுவது. பத்து நிமிடம் போதும். ஐந்தாவது, இரு கூண்டுகளையும் ஒட்டி வைப்பது. கம்பிகளின் ஊடாகவே சேர்க்கை நடந்துவிடக்கூடும். ஆறாவது, ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்த மறுநாளே பெண்ணோடு விடுவது.

ஆண், பெண் அடையாளம்

பிறந்த குட்டியின் எடை ஐந்தாறு கிராம்தான். இருந்தாலும் அப்போதே ஒரு வேறுபாடு தெரியும். சிறுநீர்த் துவாரத்துக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தூரம், ஆணுக்குப் பெண்ணைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். ஒரு குட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

எட்டு முதல் பத்து நாளில், ரோமம் அடர்வதற்கு முன், பெண் குட்டியின் வயிற்றில் முலைக்காம்புகள் வரிசையாகப் புள்ளி வைத்ததுபோலத் தெரியும். ஆணுக்கு அவை இல்லை. பால் பிரிக்க இதுவே நல்ல நேரம். அன்றே எண்ணி எழுதி வைத்துக்கொள்வது பின்னால் உதவும். மூன்று, நான்கு வாரத்தில் ஆணின் விதைப்பை தெளிவாகத் தெரியும். நம் ஊர் வெப்பத்தில் அது இன்னும் நன்றாகத் தொங்கும். ஆனால் பயந்துபோன ஆண் எலி விதைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், ஒரு முறை தெரியவில்லை என்றதும் பெண் என்று முடிவுகட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். அவருக்கு அது ஒரு நிமிட வேலை.

பிரித்து வளர்ப்பது

எலி கூட்டமாக வாழும் பிராணி. தனியே அடைத்தால் ஏங்கிப்போகும். பிரிப்பது என்றால் ஆண்களை ஆண்களோடும் பெண்களைப் பெண்களோடும் வைப்பது என்றே பொருள். முதலில் வாங்கும்போதே ஒரே பாலில் இரண்டை வாங்குவது எல்லாவற்றிலும் எளிய வழி.

குட்டிகள் பிறந்திருந்தால், ஆண் குட்டிகளை நான்கரை வாரம் முதல் ஐந்தாவது வாரம் நிறைவதற்குள் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் எடுத்துவிட வேண்டும். மூன்று வாரத்தில் குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கினாலும், தாயோடு இன்னும் ஓரிரு வாரம் இருப்பது அவற்றின் குணத்துக்கு நல்லது. பெண் குட்டிகள் தாயோடு தொடர்ந்து இருக்கலாம்.

இரண்டு கூண்டுகளையும் கைக்கெட்டும் நெருக்கத்தில் வைக்க வேண்டாம். இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்க நேர்ந்தால், நடுவே ஒரு பலகை வேண்டும். கம்பி இடைவெளி 1.2 சென்டிமீட்டரைத் தாண்டினால் இளம் பெண் எலி நழுவி வெளியேறும். கதவுக்கு ஒரு கிளிப் போடுவது நல்லது, தாழ்ப்பாளைத் தள்ளித் திறக்க எலிகள் கற்றுக்கொள்கின்றன. விளையாட விடும் நேரத்தையும் பிரித்து, காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த விதி தெரிந்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் வரும் உறவுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

ஈப்போவில் பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடுவது சாதாரணம். எலிக்கு வியர்வை மூலம் உடலைக் குளிர்விக்க முடியாது, வால் வழியாகத்தான் பெருமளவு வெப்பத்தை வெளியேற்றும். தகரக் கூரைக்குக் கீழேயோ வெயில் படும் ஐந்தடியிலோ இரண்டாவது கூண்டை ஒதுக்கிவிடக் கூடாது. காற்றோட்டமான உள்ளறையே ஏற்றது. வாசனை மரத்தூளும் நாள்பட்ட சிறுநீர் நெடியும் எலிகளின் நுரையீரலைக் கெடுக்கும். காகிதப் படுக்கையை அடிக்கடி மாற்ற வேண்டும்.

அறுவை சிகிச்சை

ஆணையும் பெண்ணையும் ஒன்றாக வைத்தே தீர வேண்டும் என்றால் கருத்தடை அறுவை ஒன்றே பாதுகாப்பான வழி. ஆணுக்குச் செய்வது எளிது. செய்த பிறகும் மூன்று, நான்கு வாரம் வரை அதன் உடலில் உயிரணுக்கள் மிஞ்சியிருக்கலாம் என்பதால் அதுவரை பெண்ணிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். பெண்ணுக்குச் செய்வது வயிற்று அறுவை என்பதால் சற்றுப் பெரியது. ஆனால் இளம் வயதில் செய்தால் கூடுதல் நன்மை உண்டு. பெண் எலிகளுக்கு வயதானால் அடிக்கடி வரும் மார்புக் கட்டிகள் வெகுவாகக் குறைகின்றன.

நாய், பூனை பார்க்கும் எல்லாக் கிளினிக்கிலும் எலிக்கு அறுவை செய்வதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, எலிகளுக்குச் செய்த அனுபவம் உண்டா, எந்த மயக்க மருந்து, வலிக்கு என்ன கொடுப்பார்கள், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை. நாயைப் போல எலியை முந்தின இரவிலிருந்து பட்டினி போட வேண்டியதில்லை, எலியால் வாந்தி எடுக்க முடியாது. "பட்டினியாகக் கொண்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னால், அது எலிக்குமா என்று மறுபடி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

கருவுற்றுவிட்டால்

சேர்க்கை நடந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். தொடக்கத்திலேயே பேசினால் வழிகள் கூடுதலாக இருக்கும். கருவைத் தொடர விடுவது என்று முடிவானால் முதல் வேலை, குட்டி பிறப்பதற்கு முன்பே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றுவது. பிறந்த பிறகு மாற்றலாம் என்றிருந்தால் அடுத்த ஈற்று அன்றிரவே தொடங்கிவிடும்.

தாய்க்குத் தட்டையான ஒரே தளமுள்ள கூண்டு, கூடு கட்டக் கிழித்த வெள்ளைக் காகிதம், எப்போதும் தண்ணீர் வேண்டும். வழக்கமான தீனியோடு அவித்த முட்டை, அவித்த கோழி, பயறு என்று புரதம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். குட்டி ஈன்ற முதல் நாளில் அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டாம். பிறகு தாய் கூட்டை விட்டு எழுந்து போகும் நேரம் பார்த்து, இறந்த குட்டி இருந்தால் அகற்றி, மற்றவற்றை எண்ணிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஈன முடியாமல் முக்கினாலோ, இரத்தம் தொடர்ந்து வந்தாலோ காத்திருக்கக் கூடாது. குட்டிகளுக்குக் கண் திறக்க ஏறத்தாழ 14 நாள் ஆகும். அதிலிருந்து தினமும் கையில் எடுத்துப் பழக்கினால் நல்ல வீடு கிடைப்பது எளிதாகும்.

நாள்காட்டியில் இரண்டு நாட்களை வட்டமிட வேண்டும்: பத்தாவது நாள் பால் பார்ப்பதற்கு, முப்பத்திரண்டாவது நாள் பிரிப்பதற்கு.

விரும்பிக் குட்டி எடுப்பவர்களுக்கு

குட்டி அழகாக இருக்கும் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. பொறுப்பான வளர்ப்பாளர் ஜோடி சேர்ப்பதற்கு முன்பே குட்டிகளுக்கு வீடு தேடி வைத்திருப்பார். பெற்றோர் இரண்டின் குணமும், அவற்றின் தாய் தந்தை எத்தனை நாள் வாழ்ந்தன, எதனால் இறந்தன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். கடையில் வாங்கிய, மூலம் தெரியாத எலிகளை அவர் சேர்ப்பதில்லை. கடிக்கும் எலி, மூச்சிரைக்கும் எலி, கட்டிகள் வரும் வழியில் பிறந்த எலி ஆகியவற்றையும் ஒதுக்கிவிடுவார். பெண்ணின் முதல் ஈற்றை நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஓரிரு ஈற்றோடு நிறுத்திவிடுவார். எலியின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுதான்.

ஒவ்வொரு குட்டியும் எங்கே போனது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, வாங்கியவர் வளர்க்க முடியவில்லை என்றால் திரும்பப் பெற்றுக்கொள்வதும் அவர் கடமை. கொடுக்கும்போது ஆண், பெண் கலந்து ஜோடியாகக் கொடுக்காமல் இருப்பது மிக முக்கியம். கலந்து கொடுத்தால் தம் வீட்டுச் சிக்கலைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றியதாகவே முடியும்.

சட்டமும் சுகாதாரமும்

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, 2017 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. பிராணிக்கு ஏற்ற இடம், உணவு, நோயிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை உறுதி செய்வது உரிமையாளரின் கடமை என்று அது சொல்கிறது. எலிக்கும் இது பொருந்தும். கொடுமை நிரூபிக்கப்பட்டால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிராணிகளை வளர்த்து விற்பதைத் தொழிலாக்க நினைப்பவர்கள், உரிமம் பற்றி முதலில் கால்நடை மருத்துவச் சேவைத் துறையிடம் விசாரிக்க வேண்டும்.

வேண்டாத எலியைத் தோட்டத்தில் விட்டால் "பிழைத்துக்கொள்ளும்" என்று நினைப்பது தவறு. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கவே விஷக் கட்டிகள் வைக்கப்படுகின்றன, கூகைகளுக்குப் பெட்டி கட்டி வளர்க்கிறார்கள். கையில் தீனி தின்று வளர்ந்த வெள்ளை எலிக்கு ஒளியவும் தெரியாது, தேடித் தின்னவும் தெரியாது.

நோய் பற்றியும் தெளிவு வேண்டும். எலிச் சிறுநீர் நோய் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், 2010 டிசம்பர் முதல் மலேசியாவில் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக உள்ளது. சுத்தமான இடத்தில் வளர்ந்த செல்ல எலிக்கு இந்த அபாயம் குறைவு, ஆனால் கால்வாய் எலியோடு கலந்தால் கூடிவிடும். 2017இல் அமெரிக்காவில் சியோல் வைரஸ் என்ற தொற்று வீட்டு எலி வளர்ப்பாளர்களிடையே கண்டறியப்பட்டு, எலிகளை வாங்கி விற்றதன் வழியாகப் பல மாநிலங்களில் தேடப்பட்டது. மூலம் தெரியாத எலிகளைச் சேர்ப்பது ஏன் கூடாது என்பதற்கு அதுவே போதுமான பாடம். கூண்டைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சமையல் மேசையில் எலியை விடாதது, கடித்தால் உடனே கழுவி மருத்துவரைப் பார்ப்பது ஆகியவை வழக்கமாக வேண்டும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் மஞ்சளாவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால், வீட்டில் எலி வளர்ப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சுருக்கமாக

ஒரே பாலில் இரண்டு வாங்குவது. புதிய பெண் எலியை 24 நாள் தனியே பார்ப்பது. பத்தாவது நாளில் பால் குறிப்பது. ஐந்தாவது வாரம் நிறைவதற்குள் ஆண்களைப் பிரிப்பது. அறுவை செய்த ஆணை நான்கு வாரம் விலக்கி வைப்பது. ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் வெளியே வராமல் பார்ப்பது. இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டிவைத்தால், வீட்டில் யார் தீனி போட்டாலும் கண்ணில் படும்.